வெடியும் தந்தியும்

1

நம் சங்கீதத்துக்கு எந்த வாத்தியம் பொருந்தும், எது பொருந்தாது என்ற சர்ச்சை பெரும்பாலும் கௌரவம் பற்றிய சர்ச்சையாகவே நடந்து வந்திருக்கிறது. சுதேசி, அன்னியம், சபை, தெரு, கை, யந்திரம் என்று ஜோடி ஜோடியாகச் சொற்களை வைத்துக்கொண்டு இரு தரப்பாரும் எழுதியிருக்கிறார்கள். வாத்தியங்களின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், காது இந்தச் சொற்களைப் பொருட்படுத்தாமல் வேறொரு காரியத்தைச் செய்து வந்திருப்பது தெரிகிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள இடத்தில் இந்தக் கருவியால் நடமாட முடியுமா என்பதுதான் அது கேட்ட கேள்வி.

பிடிலையே எடுத்துக்கொள்ளலாம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1858) சென்னையில் மணலி முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். பின்னால் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்த வாத்தியம் அது. ஆனால் அதன் கழுத்தில் மெட்டு இல்லை. விரல் நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்த இடத்துக்கு வழுக்கிப் போகலாம். ஒரு நூற்றாண்டுக்குள் பிடில் இல்லாத கச்சேரி இல்லை என்றாகிவிட்டது. அன்னியம் என்று அதை யாரும் வெளியே நிறுத்திவைக்கவில்லை.

ஹார்மோனியமும் அன்னிய வாத்தியம்தான். நாடகக் கம்பெனிகளில் கால் ஹார்மோனியம் இல்லாமல் திரை எழும்பாது; கிட்டப்பாவின் பாட்டுக்குப் பின்னால் அவர் அண்ணன் காசி அய்யரின் ஹார்மோனியம் இருந்தது. ஆனால் 1940 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. தடைக்குப் பின்னால் தேசிய உணர்ச்சியும் மேட்டிமையும் கலந்திருந்தன என்பது உண்மை. அதே சமயம், ஹார்மோனியத்தின் கட்டைகளுக்கு இடையில் ஒன்றுமே கிடையாது என்ற குறையும் உண்மை. ஒரு நியாயமான செவிப்புலன் முடிவு ஒரு அதிகாரியின் உத்தரவாக மாறும்போது அதற்குள் எவ்வளவு நியாயம் மிஞ்சுகிறது என்பது தனிக் கேள்வி.

கிதார் வர்க்கம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மெட்டு உண்டு, ஆனால் தந்தியை இழுக்கலாம். பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் செய்தது இதுதான். மாண்டலினில் சாதாரணமாக நான்கு ஜோடித் தந்திகள் இருக்கும். ஜோடியாக இருக்கும் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். அவர் மின்சார மாண்டலினில் ஒற்றைத் தந்திகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். மின்சாரம் இருந்ததால் மெல்லிய ஒற்றைத் தந்தியின் சத்தம் போதவில்லை என்ற பிரச்னையும் தீர்ந்தது. நாதம் நீண்டு நின்றதால் இழுப்பதற்கு அவகாசம் கிடைத்தது. 1981-இல் சென்னையில் அவர் வாசித்தபோது பன்னிரண்டு வயதுப் பையன் என்றுதான் ஊர் ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியமாக இருப்பது அந்தத் தந்திக் கணக்கு. ஒரு ஐரோப்பியச் சிறு வாத்தியத்தின் உள்ளமைப்பையே மாற்றிய பரிசோதனை அது. மேதை என்ற சொல்லை நாம் அவசரமாக உபயோகித்து, பரிசோதனை என்ற சொல்லை மறைத்துவிட்டோம்.

2

எட்டயபுரம் சாத்தூரிலிருந்து அதிக தூரமில்லை. கோவில்பட்டி போய் பஸ் மாறினால் போதும். பாரதி பிறந்த ஊர் என்று எழுத்துக்காரர்கள் அங்கே போவதுண்டு. அந்த ஊரில் 1904-இல் அச்சான ஒரு புத்தகத்தைப் பற்றி எழுத்துக்காரர்கள் பேசி நான் கேட்டதில்லை. சுப்பராம தீக்ஷிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. பாலுஸ்வாமி தீக்ஷிதரின் பேரனாகப் பிறந்து, அவருக்கே தத்துப்பிள்ளை ஆனவர் சுப்பராமர். அறுபது வயதைத் தாண்டிய காலத்தில், ஏ.எம். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் சமஸ்தானத்தின் ஆதரவாலும் தம் குடும்பத்தில் வாய்மொழியாக இருந்ததை எல்லாம் தெலுங்கு லிபியில் எழுதி அச்சுக்குக் கொடுத்தார்.

இந்தப் புத்தகத்தின் விசேஷம் கீர்த்தனைகள் மட்டுமல்ல. கமகத்துக்கு அவர் ஏற்படுத்திய குறிகள். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாஹதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிக்கை என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்து, அதை ஸ்வர எழுத்தின் மேல் போட்டார். பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: சமஸ்கிருத லட்சண கிரந்தங்களிலிருந்து வந்த பெயர்களோடு, வீணை வாசிப்பவர்களின் கைப்பேச்சில் இருந்த பெயர்களும் சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன. சின்னசாமி முதலியார் மேற்கத்திய ஸ்வரலிபியை நன்கு அறிந்தவர். ஐந்து கோட்டு முறையில் நம் சங்கீதத்தை எழுத முயன்றவர். அந்த முறை சுப்பராமருக்குத் தெரியாத விஷயமல்ல. அதன் கட்டத்துக்குள் அடங்காததற்குத்தான் அவர் குறி செய்தார்.

இன்னொரு விஷயம் முக்கியம். ஒதுக்கல் என்றால் என்ன என்று அவர் விளக்கும்போது, ஸ்வரம் எவ்வளவு உயர்கிறது என்று தொடங்குவதில்லை. ஒரு மெட்டிலேயே தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பேசவைப்பது என்று சொல்கிறார். அதாவது காதில் விழுவதை அல்ல, கை செய்வதை எழுதுகிறார். இந்த வித்தியாசம் அப்போது வெறும் விளக்க முறையாகத் தோன்றியிருக்கலாம். நூறு வருஷம் கழித்து, கணிப்பொறியில் தந்தி வாத்தியம் செய்ய உட்காருகிறவனுக்கு இதுதான் பிரதான கேள்வி. வளைகோட்டை எழுதுவதா, கையை எழுதுவதா?

இந்தப் புத்தகத்தைச் சென்னை மியூசிக் அகாடமி 1961-இலிருந்து தொகுதி தொகுதியாகத் தமிழ் லிபியில் கொண்டுவந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் பி. ராஜம் அய்யரும் எஸ். ராமநாதனும். இதே ராமநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்தபோது அவரிடம் வீணை கற்றவர்களில் ஒருவர் ஜான் மக்லாக்லின் என்ற ஆங்கிலேயக் கிதார்க்காரர். 1970-களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் அவர் வாசித்த கிதாரை சாதாரணக் கிதார் என்று சொல்ல முடியாது. மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். விரல் மரத்தில் படாமல் தந்தியை ஆழமாக அழுத்தவும் இழுக்கவும் முடியும். குறுக்கே, தானாக அதிரும் ஏழு தந்திகள். வீணையில் கரிய மெழுகின் மேல் உயர்த்தி மேளம் கட்டிய பித்தளை மெட்டுகள் செய்யும் காரியத்தை, அமெரிக்கத் தச்சன் உளியால் செய்தான். எட்டயபுரத்துப் புத்தகத்தைத் தமிழாக்கிய கைக்கும் அந்தக் கிதாருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆசிரியர்தான் நிற்கிறார். பாதிப்பு என்ற சொல்லை நாம் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியே உபயோகித்துப் பழகிவிட்டதால், இது நம் கண்ணில் படவில்லை.

3

இனி யந்திரத்துக்கு வரலாம். ‘பிளக்-இன்’ என்பது தனியாக நிற்கும் கருவி அல்ல. ஒலிப்பதிவு செய்யும் பெரிய நிரலுக்குள் செருகப்படும் சின்ன நிரல். 1996-இல் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் இதற்கு ஒரு பொது இலக்கணத்தை வெளியிட்டு, எவரும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. அதற்கு முன் எதிரொலிக்கு ஒரு பெட்டி, கரகரப்புக்கு ஒரு பெட்டி என்று வாங்கிய காசுக்கு ஒரு ஸ்டூடியோவே கட்டலாம். அதன்பின் அறைக்குள் உட்கார்ந்து எழுதினால் பெட்டி பிறந்தது.

இந்த நிரல்களில் தந்தி எப்படி உண்டாகிறது என்பதற்கு முன்னால் சி.வி. ராமனைச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், ஒளிச்சிதறலுக்கு வருமுன் நீண்ட காலம் ஒலியில்தான் இருந்தார். 1921-இல் தம்புராவையும் வீணையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கும் மேற்சுரங்கள் அந்த ஒலியில் இருக்கக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்திலிருந்து வந்த விதி. தம்புராவில் அவை இருக்கின்றன என்று ராமன் கண்டார். காரணம் குதிரை. ஐரோப்பிய வாத்தியத்தில் தந்தி ஒரு கூர் விளிம்பில் உட்காரும். தம்புராவில் அகன்ற, மெல்ல வளைந்த பரப்பில் படிந்து எழும். அடியில் ஒரு நூலைச் செருகி, அது படிந்து எழுவதைச் சீர் செய்கிறோம். இந்த ‘ரீங்’கைத்தான் நாம் நாதம் என்கிறோம். வேறு ஊர் வாத்தியக்காரன் இதைக் கேட்டால் தந்தி எங்கோ தட்டுகிறது, பழுது பார் என்பான்.

1983-இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்டிராங் என்ற இருவர் கணிப்பொறியில் மீட்டிய தந்தியை உண்டாக்கும் ஒரு வழியை வெளியிட்டார்கள். அதன் எளிமை ஆச்சரியமானது. அர்த்தமற்ற எண்களால் ஆன ஒரு சின்ன இரைச்சலை எடுத்துக்கொள்; அதை ஒரு வட்டத்தில் ஓடவிடு; ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களின் சராசரியை எடு. இவ்வளவுதான். ஒரு விநாடிக்கு 44,100 எண் என்ற கணக்கில், வட்டத்தின் நீளம் 300 எண் என்று வைத்தால் இரண்டு கட்டை சுருதிக்கு அருகில் ஒரு தந்தி பேசுகிறது. இரைச்சலின் கூர்மை சுற்றுக்குச் சுற்று மழுங்கி, தந்தியைப் போலவே அவிந்து போகிறது.

நான் இதை எழுதிப் பார்த்திருக்கிறேன். இருபது வரி நிரல்கூட இல்லை. முதல் தடவை கேட்டபோது எனக்குப் பட்டது, தந்திக்குப் பிறப்பு ஒரு வெடி என்பதுதான். முதல் கணத்தில் சுருதி கிடையாது, சகல அதிர்வும் குவிந்த ஒரு சிதறல் மட்டும். சுருதி என்பது அந்தச் சிதறல் ஒரு வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப நடக்கக் கட்டாயப்படுத்தப்படுவதால் உண்டாகும் பழக்கம். வீணையின் மீட்டலிலும் இதே கதைதான். நகம் தந்தியை விடும் கணத்தில் கேட்பது ஸ்வரம் அல்ல.

ஆனால் கமகத்துக்கு இது போதவில்லை. தந்தியை இழுப்பதென்றால் வட்டத்தின் நீளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற வேண்டும். 300 என்பது 299 ஆவது ஒரு தாவல், ஜாரு படிக்கட்டாகிவிடும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவிலுள்ள பின்னத்தைக் கணக்கிட வேண்டும். இதற்கு வழிகள் உண்டு. அதே 1983-இல் டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் காட்டினார்கள். குதிரையின் வளைவு அதைவிடக் கடினம். தந்தி எப்போது எங்கே தொடுகிறது, எப்போது விடுகிறது என்பதைக் கணந்தோறும் தீர்க்க வேண்டும். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஆராய்ச்சியாளர்கள் தம்புராவின் குதிரையையும் நூலையும் கணக்காக எழுதி, கணிப்பொறியில் உடனுக்குடன் மீட்டும் அளவுக்குக் கொண்டுவந்தது 2010-களின் நடுவில்தான். ராமன் கேட்ட அந்தத் தட்டலை யந்திரத்துக்குச் சொல்லித்தரத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

4

வெடி என்று சொன்னேன். இந்தப் பக்கத்துக்காரன் அந்தச் சொல்லை உருவகமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, இரண்டுக்கும் ஒட்டுகிற லேபிளிலிருந்து அச்சுத் தொழில் என்று ஊர் வளர்ந்தது. மழை குறைந்த கரிசல் காடு; விவசாயம் கைவிட்ட மனிதர்களுக்கு மருந்தும் காகிதமும் பிழைப்பானது. இந்தியா முழுவதும் தீபாவளிக்குக் கேட்கும் சத்தத்தின் பெரும் பங்கு இங்கே சுற்றப்படுகிறது. ஆனால் தொழிற்சாலையில் சத்தம் கிடையாது. மருந்து அடைக்கிற ஷெட்டில் உலோகம் உரசக்கூடாது, ஓடக்கூடாது, அதிர்ந்து எதையும் வைக்கக்கூடாது. அங்கே சத்தம் கேட்டால் அது விபத்து. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் கேட்டது. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சத்தத்தை உற்பத்தி செய்கிற ஊரின் காது, சத்தத்துக்குப் பயப்படுகிற காதாக இருக்கிறது. இந்த முரணை நம் கதைகள் இன்னும் முழுதாகத் தொடவில்லை என்பது என் எண்ணம்.

ஒற்றை வெடியின் சத்தம் ஒலியியலில் ஓர் அபூர்வமான பொருள். காகிதக் குழாய் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறதோ அவ்வளவு திடீரென்று அழுத்தம் விடுபடுகிறது. கணத்தில் பிறந்து கணத்தில் சாகும் அந்த அதிர்ச்சிக்குள் அநேகமாக எல்லா அதிர்வெண்ணும் இருக்கின்றன. ஒரு கட்டடத்துக்குள் அதைக் கொளுத்தினால், நாம் பதிவு செய்வது வெடியை அல்ல, கட்டடத்தின் பதிலை. அந்தப் பதிலை எண்களாக வைத்துக்கொண்டு வேறு எந்த ஒலியோடும் பெருக்கிக் கூட்டினால், அந்த ஒலி அந்தக் கட்டடத்துக்குள் கேட்டதுபோல் கேட்கும். எதிரொலி பிளக்-இன்களில் ஒரு வகை முழுவதும் இந்த உபாயத்தில்தான் நிற்கிறது. மேலை நாடுகளில் பலூனையோ ஓட்டப்பந்தயத் துப்பாக்கியையோ வெடிக்கிறார்கள். பட்டாசும் உபயோகித்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிக்கு வழுக்கும் ஒரு நீண்ட ஒலியை இசைத்து அதே பதிலைக் கணக்கில் பெறுகிறார்கள். ஜாருவின் நிழல் அதில் இருக்கிறது.

விருதுநகரில் மிளகாய் வத்தலும் பருப்பும் எண்ணெயும் சேமித்த பழைய கோடவுன்கள் இன்னும் சில உண்டு. காலியாகக் கிடந்த ஒன்றில், உடையவரின் சம்மதத்தோடு, தரையில் மணல் பரப்பி ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் பதிவு செய்தோம். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, தேக்கு உத்தரம். பதில் ஒரு விநாடிக்குச் சற்று மேலே நீடித்தது. வெளிநாட்டு தேவாலயங்களின் பதில்கள் பிளக்-இன்களில் மலிந்து கிடக்கின்றன, அவற்றின் நீளத்தில் கால்வாசிகூட இல்லை. அதற்குள் வீணையை வைத்தேன். தந்தியின் ஆரம்பத் தெறிப்பு தெளிவாகவும், கார்வை பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோலவும் இருந்தது. தேவாலயத்தின் நீண்ட எதிரொலியில் கம்பிதம் குழம்பிப் போகிறது. முந்தைய அசைவின் மிச்சம் அடுத்த அசைவின் மேல் விழுகிறது. நம் கமகங்கள் குறைந்த எதிரொலி உள்ள கூடங்களிலும் திண்ணைகளிலும் வளர்ந்தவை என்பதை இதைவிட ஸ்தூலமாக நான் உணர்ந்ததில்லை.

வெடிக்கும் பிளக்-இன்னுக்கும் இன்னொரு உறவு உண்டு. ஆண்டி ஹில்டர்பிராண்ட் என்பவர் எண்ணெய்க் கம்பெனிகளுக்காகப் பூமியின் அடியைக் கேட்டுக்கொண்டிருந்தவர். தரையில் வெடி வைப்பார்கள். அதிர்வு பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். திரும்பிய அதிர்வைத் தன்னோடு தானே ஒப்பிட்டு, அது எங்கே திரும்பவும் ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டால் அடுக்குகள் தெரியும். இதே ஒப்பிடும் கணக்கால் பாடுகிறவரின் குரல் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, விலகியிருந்தால் அருகிலுள்ள ஸ்வரத்துக்கு இழுத்துவிடலாம் என்று அவர் கண்டார். 1997-இல் வந்த ஆட்டோ-டியூன் அதுதான். உலகத்தின் சினிமாப் பாட்டும் பாப் பாட்டும் இன்று அந்தச் சல்லடை வழியாகத்தான் வருகின்றன.

தோடியின் காந்தாரத்தை இதற்குள் விட்டுப் பார்க்க வேண்டும். தோடியில் காந்தாரம் தன் இடத்தில் நிற்பதே அபூர்வம். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுவதுதான் அதன் இருப்பு. திருத்தும் வேகத்தை உச்சத்தில் வைத்தால், யந்திரம் அந்த ஊசலை மூன்று படிகளாக நறுக்கித் தருகிறது. தப்பு செய்த பாடகரைத் திருத்திவிட்ட திருப்தியோடு திரையில் கோடு நேராக நிற்கிறது.

5

எது தப்பு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? கிதாரின் சரித்திரம் இதற்கு ஒரு சுவாரஸ்யமான பதிலைச் சொல்கிறது. மின்சாரக் கிதாரின் முதல் உருவம் 1931-இல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் போஷாம்ப் செய்த, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிதார். சத்தம் சுத்தமாகப் பெரிதாக வேண்டும் என்பதே நோக்கம். 1961-இல் மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டில், பதிவு மேஜையில் ஒரு தடம் பழுதாகி கிதார் கரகரத்தது. அதை அழிக்கவில்லை. மறுவருஷமே அந்தப் பழுதை வேண்டுமென்றே செய்யும் ஒரு மிதிப்பெட்டி விற்பனைக்கு வந்தது. அலையின் உச்சி வெட்டப்படுகிறது. வெட்டிய இடத்தில் புதிய மேற்சுரங்கள் முளைக்கின்றன. இன்று அந்தப் பழுதின் நூற்றுக்கணக்கான வகைகள் பிளக்-இன்களாக விற்கப்படுகின்றன. எந்த வருஷத்து, எந்தப் பெட்டியின் பழுது என்று பெயர் சொல்லி வாங்குகிறார்கள்.

இருக்கன்குடியில் ஆடி வெள்ளிக்கும் விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கும் குழாய் ஒலிபெருக்கிகள் பேசிய காலத்தில் வளர்ந்த காதுகள் நம்முடையவை. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலை நாம் முதலில் கேட்டது இசைத்தட்டில் அல்ல, புளியமரக் கிளையில் கட்டிய தகரக் கூம்பில். கீழ் சுருதி கிடையாது, நடு சுருதி உந்தி நிற்கும், உச்சி வெட்டுப்பட்டு ஒலி நாலு மைல் போகும். வில்லுப்பாட்டில் வில்லின் நாண் அதிர்வதும் குடம் முழங்குவதும் அந்தக் கூம்பு வழியாக வரும்போது இரண்டும் ஒரே உலோகமாக மாறியிருக்கும். அமெரிக்கக் கிதார்ப் பெருக்கி செய்ததற்கும் இதற்கும் பௌதிக ரீதியில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் அந்தப் பழுதை ஒரு பாணியாகச் சுவீகரித்தார்கள். நாம் அதை வெறும் தொந்தரவு என்று ஒதுக்கிவிட்டோம். ரேடியோ செட்காரர் ஒருவரின் பழைய கூம்பை வைத்து நான் பதில் எடுத்தேன். சத்தத்தைக் குறைத்து எடுத்த பதிலில் கூம்பின் குரல் வந்தது, கரகரப்பு வரவில்லை. காரணம் எளிது: இந்தக் கணக்கு நேர்விகிதமான நடத்தையை மட்டுமே பிடிக்கும். சத்தம் கூடக்கூட குணமே மாறும் பொருளை ஒரு வெடியால் அளந்துவிட முடியாது. உச்சி வெட்டுவதைத் தனியாக எழுதி இரண்டையும் சேர்த்தபோதுதான் திருவிழா வந்தது.

கட்டத்தின் சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். 1983-இல் யந்திரங்கள் ஒன்றோடொன்று பேச ‘மிடி’ என்ற பொதுமொழி உண்டாயிற்று. அதில் ஸ்வரம் என்பது 0 முதல் 127 வரை ஓர் எண். அதாவது ஒரு பியானோ கட்டை. வளைவு என்பது அந்தக் கட்டைக்கு மேல் பின்னால் ஒட்டப்படும் விஷயம். ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் அது சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வளைவு என்ற ஏற்பாடு முறைப்படி வந்தது 2018-இல்தான். முப்பத்தைந்து வருஷம் உலகத்தின் இசைக் கணிப்பொறிகள் ஹார்மோனியத்தின் இலக்கணத்தில் இயங்கின. வானொலி தடை செய்த பெட்டி எல்லா வீட்டுக்குள்ளும் வேறு வேஷத்தில் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை சர்ச்சைகூட நடக்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் சில வருஷங்கள் பரிசோதனை செய்தார்கள். பிறகு அந்த நாடாக்கள் மறக்கப்பட்டு, 2017-இல்தான் திரும்பக் கண்டெடுக்கப்பட்டன. பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் கிதார் வாசித்த சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை மூன்று ஜப்பானிய யந்திரங்களில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அதில் ஒன்றான ரோலண்ட் டிபி-303, பேஸ் கிதாருக்குப் பதிலாக என்று செய்யப்பட்டு, அந்த வேலைக்கு உதவாமல் தோற்ற பெட்டி. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அது வழுக்கும். அந்த வழுக்கலை ராகத்துக்கு அவர் பிடித்துக்கொண்டார். தட்டு விற்கவில்லை, 2010-இல் மறுபதிப்பானபோதுதான் உலகம் கேட்டது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-இல் தொடங்கிய மின்னணுச் சுருதிப் பெட்டி மட்டும்தான் சபைக்குள் சண்டை இல்லாமல் நுழைந்தது. சுருதி நகர வேண்டியதில்லை என்பதால் யந்திரத்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

6

பாதையைத் திரும்ப எட்டயபுரத்துக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். எம். சுப்பிரமணியன் என்பவர் 1990-களில் ‘காயக’ என்ற நிரலை எழுதினார். ஸ்வரங்களை எழுத்தில் கொடுத்தால் அது கமகத்தோடு வாசிக்கும். கணிப்பொறிச் சங்கீதம் என்றால் மேற்கத்தியக் கட்டைகள் என்றிருந்த நாளில் தனி ஒருவர் செய்த காரியம். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் கமகத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: மெதுவாக நகரும் ஒரு தளம், அதன் மேல் நடக்கும் ஆட்டம். ஒரு வர்ணத்தை இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கும்போது கமகம் அப்படியே பாதியாகச் சுருங்குவதில்லை, வேறு விதமாக மாறுகிறது என்பதற்கு இந்தப் பிரிவு ஒரு கணக்கைத் தருகிறது. வித்வானின் கை யோசிக்காமல் செய்வதற்கு முதல் தடவையாக ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது.

இவை என்னைக் கவர்ந்தாலும் ஒரு கருத்து வேற்றுமை உண்டு. இரண்டும் காதில் விழும் வளைகோட்டிலிருந்து புறப்படுகின்றன. சுப்பராம தீக்ஷிதர் கையிலிருந்து புறப்பட்டார். கையிலிருந்து புறப்பட்டால் தந்தியின் இறுக்கம், மெட்டின் உயரம், விரலின் வலி, இழுப்பின் எல்லை எல்லாம் ஸ்வரத்துக்குள் வந்துவிடும். ஒதுக்கலில் ஸ்வரம் உயரும்போது தந்தி இறுகுவதால் நாதமும் மாறுகிறது. வளைகோட்டை மட்டும் வரைந்தால் சுருதி உயரும், நாதம் மாறாது. கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொம்மை என்று தெரிந்துவிடும். தந்தியின் கணக்கையும் குதிரையின் கணக்கையும் எழுத வழி பிறந்துவிட்ட இந்த நாளில், ஸ்வர எண்ணுக்குப் பதிலாக மெட்டும் இழுப்பும் கொடுக்கிற ஒரு பிளக்-இன் சாத்தியமே. நொக்கு, ரவை, ஒதுக்கல் என்று 1904-இல் அச்சான குறிகளையே அதற்குக் கட்டளைகளாக வைக்கலாம். நான் செய்துகொண்டிருப்பது அதன் ஆரம்பம் மட்டும். ஒரு தந்தியும் நான்கு குறிகளும் இப்போதைக்கு வேலை செய்கின்றன. கம்பிதம் இன்னும் கூடவில்லை.

இதையெல்லாம் கவிஞர்களும் விமர்சகர்களும் படிக்கிற இந்தப் பக்கங்களில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். யாப்பை விட்டபோது நம்மவர்கள் நடத்திய விவாதம் ஞாபகம் இருக்கும். ‘எழுத்து’ காலத்திலிருந்து, சீரையும் தளையையும் மீறலாமா என்று வருஷக்கணக்கில் தர்க்கம் நடந்தது. அது நாமே செய்த, நமக்குத் தெரிந்த கட்டம்; ஆகையால் மீறுவதற்கும் அர்த்தம் இருந்தது. கணிப்பொறிக்குள் இருக்கும் கட்டம் யாருடைய விவாதத்துக்கும் வராமல் வந்தது. சினிமாப் பாட்டுக்குக் குரல் பதிவு செய்யும் பையன், பக்திப் பாட்டு போடும் ஊர் ஸ்டூடியோக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் செல்போனில் ஸ்வரம் சொல்லித்தரும் நிரல், எல்லோரும் அதற்குள் நின்றுதான் எது சுருதி, எது அபசுருதி என்று பழகுகிறார்கள். பத்து வருஷம் அதில் பழகிய காதுக்குத் தோடியின் காந்தாரம் நடுங்குகிற ஸ்வரமாகத்தான் கேட்கும். அந்தக் காதுக்காரர்தான் நாளைக்குச் சபையில் ரசிகர்.

பட்டாசுக்குச் சட்டம் வகுத்தவர்கள் ஓர் அளவு வைத்தார்கள்: 1999-இலிருந்து, வெடிக்கும் இடத்துக்கு 4 மீட்டர் தள்ளி, ஒரு கணக்கில் 125 டெசிபல், உச்சக் கணக்கில் 145. 2018-இல் உச்சநீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தது. நியாயமோ அநியாயமோ, அங்கே அளவு வெளிப்படையாக இருக்கிறது. எதிர்த்து வழக்குப் போடலாம், தெருவில் இறங்கலாம், சிவகாசிக்காரர்கள் செய்தும் இருக்கிறார்கள். ஸ்வரத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் அளவு ஒரு நிரலின் உள்ளே, மாற்றாமல் விட்டால் தானாக அமையும் ஒரு தேர்வாக இருக்கிறது. அதை எதிர்க்கிறவர்கள் முதலில் அதைத் திறந்து படிக்கவேண்டும். பிறகு எழுதவும் வேண்டும். எட்டயபுரத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் அச்சுக்கூடத்து எழுத்துக்கள் போதாதபோது செய்த வேலையும் அதுதான்.